ஒடிந்த பிளக்கும் ஒத்தப்பாலத்துக்காரரும்

அக்டோபர் 12, வியாழன்

காலை இட்லி, உப்பில்லாத சட்னி. மாத்திரை போட்டாயிற்று. நடக்கவில்லை. வெயில்.

இந்த டைரியைத் தேவகி கொடுத்தது இதையெல்லாம் எழுதத்தான். இதய ஆபரேஷன் முடிந்து வந்தவன் தின்றது, நடந்தது, தூங்கியது எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். என் மனைவி பெரியாஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டை வார்டாக்கிவிட்டாள். நான் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவன். சென்னியப்பன் குரலைக் கேட்டால் நின்ற மெஷின்கூட ஓடும் என்று ஆட்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சட்னியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று எழுத வேறு விஷயம் வந்துவிட்டது. மத்தியானம் பெங்களூரிலிருந்து மகன் சுதர்சன் போன் செய்தான்.

"அப்பா, ஒத்தப்பாலத்துல ஒருத்தர் பழைய காரா வாங்கிச் சேர்க்கறாருங்ப்பா. நம்ம மோரிஸைக் கேட்கறாரு."

"குடுக்கறதா யாருடா சொன்னா?"

"ஆஸ்பத்திரில இருந்து வந்து நீங்க ஷெட்டுப் பக்கமே போகலைன்னு அம்மா சொன்னாங்க. சும்மா நின்னா துருப்பிடிச்சுரும். இருபத்தொன்பதாந் தேதி ஞாயித்துக்கிழமை அவரு வர்றாரு. அன்னைக்கு நீங்களே வண்டிய எடுத்து மருதமலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா, நான் இனிப் பேச்சே எடுக்கலைங்ப்பா. முடியலைன்னா குடுத்தரலாம்."

என் மோரிஸ் மைனரை! நான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி. மூத்தவள் என்பதால் தேவகி அதை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் போய் நியாயம் கேட்டேன். பருப்பு கடைந்துகொண்டே, "குடுத்தரலாமுங்க. அக்காளும் பாவம், எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்பா?" என்கிறாள். தாயும் மகனும் ஒரே கட்சி.

கொடுக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன். கொடுக்கவே மாட்டேன்.

அக்டோபர் 13, வெள்ளி

காலையில் ஷெட்டைத் திறந்தேன். வண்டிமேல் தூசி, சீட்டில் பூனை. பூனையை விரட்டிவிட்டு எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். தார் மாதிரி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு வண்டியைத் தெருமுனைவரை மட்டும் ஓட்டுவதால், எண்ணெயை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். இந்த எண்ணெயோடு அடிவாரம் போனால் எஞ்சின் போய்ச் சேர்ந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் பிளக்கைக் கழற்றிப் பழசை வடித்தாக வேண்டும்.

என்னால் அடியில் போய்ப் படுக்க முடியாது. நெஞ்செலும்பு முழுதாகக் கூடும்வரை எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் தேட வேண்டும் என்று யோசிக்கும்போதே, தேவகி சேலைக்கு மேல் என் பழைய மில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் படுக்கறேன். நீங்க சேர்ல உக்காந்து சொல்லுங்க."

"நீ அவன் கட்சிதானே? உனக்கெதுக்கு?"

"வர்றவருகிட்ட வண்டியச் சுத்தமாக் குடுக்கோணுமில்லீங்க?"

எப்படிப்பட்ட மனசு! ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் புகுந்தாள். பிரிட்டிஷ் வண்டி, எல்லாம் இன்ச் அளவு. என் இன்ச் ஸ்பேனரைக் கொடுத்தேன். நுழையவில்லை என்றாள். அப்படியானால் அதைவிடச் சற்றே பெரிய மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போடு என்றேன். போட்டாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது. "பாத்தியா, இதுதான் அனுபவம்" என்றேன்.

இழுத்ததும் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். வழுக்கியது.

"ஏனுங்க, இது நட்டு இல்லை, பெயிண்ட்டு. உரிஞ்சு வருது. மேல கறுப்பு, அதுக்கடியில சில்வர், அதுக்கடியில பச்சை. உள்ள இருக்கற நட்டு மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கோயம்புத்தூரில் ஆயுத பூஜை வந்தால் லேத்திலிருந்து எண்ணெய் டப்பா வரைக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட் பூசாமல் விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில் யாரோ வண்டிக்கு அடியிலும் புகுந்து, வருஷா வருஷம் பிளக்கின் தலையிலும் பூசியிருக்கிறான். அதனால்தான் தலை பெருத்து, தப்பான ஸ்பேனர் சரியாகப் பொருந்தியது. பெயின்டர்களை நம்பவே கூடாது என்று சொன்னேன். தேவகி அடியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். தொட்டியையே இறக்க வேண்டுமாம், பழைய போல்ட்டெல்லாம் ஒடியுமாம், தீபாவளி கழித்துக் கொண்டுவரச் சொன்னார். தீபாவளி கழித்து வண்டி ஒத்தப்பாலத்தில் இருக்கும்.

அந்த ஒத்தப்பாலத்துக்காரரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஏன், கேரளத்தில் கார் இல்லையா? கோபத்தில் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தேன். அதைத் தேவகி 'நடை' என்று குறித்துக்கொண்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

தேவகி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் பைப் ரெஞ்சை எடுத்து, கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, பிளக்குக்குச் சற்று உதவினேன். அவ்வளவுதான் செய்தது.

பிளக்கின் தலை தனியாக ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மரை உள்ள பாகம் முழுக்கத் தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. பிடிக்க இனி ஒன்றுமே இல்லை.

லேசாக வியர்த்தது. வெயில். அதனால் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பையும் கையுமாக வந்த தேவகி கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்சைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் பிடித்திருந்தாள். பிறகு என்னைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, ஷெட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 18, புதன்

தேவகி பேசவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி.

அக்டோபர் 19, வியாழன்

காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தொடை எலும்புல போட்ட ஸ்க்ரூ உள்ளயே ஒடஞ்சு போச்சுன்னா டாக்டர் என்ன பண்ணுவாருன்னு தெரியுங்களா?"

"காலை வெட்டுவாரு." எனக்கு அப்போது அந்த மனநிலைதான்.

"நடுவுல நேரா ஒரு துளை போடுவாரு. எடது பக்கம் மரை வெட்டுன கூம்பு ஆணி ஒண்ணு இருக்குது. அத எறக்கி எடப்பக்கமாத் திருகுவாரு. திருகத் திருகக் கடிச்சுக்கும். அப்பறம் ஸ்க்ரூ தானாக் கழண்டு வரும். எத்தன கேசுக்கு நானே எடுத்துக் குடுத்திருக்கேன்!"

"அதுக்குப் பேரு ஈஸி அவுட். எங்கிட்டயே இருக்குது."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

மறந்துவிட்டேன் என்றேன். அண்ணாந்து படுத்துக்கொண்டு ட்ரில்லை ஆடாமல் பிடிக்க வேண்டும். துளை கோணினால் தொட்டியின் மரையே போய்விடும். ஆபரேஷனுக்குப் பிறகு என் கை கொஞ்சம் ஆடுகிறது. கொஞ்சம்தான். இதையெல்லாம் அவளிடம் சொல்வானேன்?

அவள் என் கையைப் பார்த்தாள். "நான் போடறேனுங்க. ஆனா ஒரு கண்டிசன். நான் சர்ஜன். நீங்க பேசண்ட்டுக்குச் சொந்தக்காரரு. சேரை விட்டு எந்திரிக்கப்படாது."

அக்டோபர் 21, சனி

காலை: ராகி தோசை. நடை: தெருக்கோடி வரை. குரல்: நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

வேறென்ன செய்வது? ஆபரேஷன் தியேட்டரில் காலம் தள்ளியவள் கேட்கிற கேள்வியா இது? "ஏனுங்க, ட்ரில்லு வலது பக்கம் சுத்தோணுமா, எடது பக்கமா?" "ஏனுங்க, சென்டர் பஞ்ச்சுன்னா எது, இந்தச் சுத்தியலா?" நான் கத்தினேன். மில்லில் கத்துவதைப் போல அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வண்டிக்கு அடியில் அவள் சிரிக்கிறாள்! திட்டு வாங்கிச் சிரிக்கிறவளை இன்றுதான் பார்த்தேன்.

ஆனால் ட்ரில்லைப் பிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் அந்தச் சென்டர் பஞ்ச் ஆணியை வைத்து நட்ட நடுவில் ஒரு புள்ளி அடித்தாள். பிறகு சின்ன பிட், அப்புறம் அதைவிடப் பெரியது. அழுத்தவில்லை, அவசரப்படவில்லை. சட்டென்று துளை உள்ளே திறந்தது. கறுப்பு எண்ணெய் அவள் கை, முழங்கை, காக்கிச் சட்டை என்று கொட்டியது. அவள் கையை இழுக்கவில்லை. ட்ரில்லை நேராக வெளியே எடுத்துவிட்டுத்தான் எண்ணெய் பிடிக்கும் தட்டை நகர்த்தி வைத்தாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை நூல் பிடித்தது மாதிரி நடுவில் இருந்தது. என்னிடம் வேலை பார்த்த ஃபிட்டர்களில் ஒருத்தன்கூட அண்ணாந்து படுத்து இப்படி ஒரு துளை போட்டதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. டைரியில் சொல்கிறேன்.

ஈஸி அவுட்டை இறக்கித் திருகினாள். கடித்துக்கொண்டது. ஆனால் பிளக் அசையவில்லை.

"இன்னும் ஒரு இழு!" என்றேன்.

"வேண்டாமுங்க. இந்த ஆணியும் உள்ள ஒடஞ்சா, அதுல துளைகூடப் போட முடியாது. நிறுத்தறேன்."

அவள் சொன்னது சரி. நான் இழுத்திருப்பேன். ஆணி ஒடிந்திருக்கும், வண்டியும் போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் அடித்து, டீசல் நனைத்த துணியைத் துளையில் திணித்து, மூடி வைத்தோம்.

அக்டோபர் 22, ஞாயிறு

வீடு கழுவல். ஆயுதங்களைக் கழுவல். எல்லா ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் துடைத்து வரிசையாக வைத்தேன். என் பொறுப்பு அதுதானாம். இன்றும் பிளக் அசையவில்லை.

அக்டோபர் 23, திங்கள் – ஆயுத பூஜை

பொரி, கடலை, சுண்டல். சுண்டலில் உப்புப் போட்டிருந்தாள்!

சாமிக்கு முன்னால் ஸ்பேனர்கள், ட்ரில், ஈஸி அவுட், என் பழைய மைக்ரோமீட்டர், அவளுடைய பழைய கத்தரிக்கோலும் இடுக்கியும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. டீசல் நன்றாக ஊறியிருக்கும், ஒரே ஒரு திருகு திருகிப் பார்க்கலாமே என்று ஈஸி அவுட்டின் மேல் கையை வைத்தேன்.

"சாமி முன்னால வெச்ச ஆயுதத்த இன்னைக்கு எடுக்கப்படாதுங்க. அதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?"

சும்மா இருக்க முடியாமல் ஷெட்டுக்குப் போனேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நனைத்தது எனக்கே தெரியாது. பூஜை அன்று கை தானாகப் போகிறது. பின்னாலேயே வந்த தேவகி பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த வருஷம் அக்காளுக்குப் பெயிண்ட்டு வேண்டாமுங்க. அடியில படுத்துட்டு நட்டு நட்டா நீங்க பூசினது போதும்."

நான் மேல் பாகங்களுக்குத்தான் பூசுவேன். பெரும்பாலும்.

அக்டோபர் 24, செவ்வாய் – விஜயதசமி

காலையில் மறுபூஜை முடித்து, பாலும் பழமும் படைத்து, ஆயுதங்களை எடுத்தோம். நல்ல காரியம் தொடங்குகிற நாள் என்று தேவகி சொன்னாள்.

ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர், கிண்ணத்தில் ஐஸ்கட்டி கொண்டுவந்தாள். வெந்நீர்த் துணியைப் பிழிந்து பிழிந்து தொட்டியில் பிளக்கைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். நடுத்துளைக்குள் ஐஸ் துண்டைத் திணித்தாள். சுற்றியுள்ள இரும்பு விரிய வேண்டும், உள்ளே மாட்டியிருப்பது சுருங்க வேண்டும். இதை நான் சொல்லவே இல்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் செய்துவிட்டாள். சனிக்கிழமை அவ்வளவு அசட்டுக் கேள்வி கேட்டவள் இவள்தானா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஈஸி அவுட்டைத் தட்டி இறக்கினாள். திருகினாள். ஒன்றும் இல்லை. மறுபடி ஒத்தடம், மறுபடி ஐஸ். நான் சேரின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தேன். இது வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவான். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். அப்புறம் எழுந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

கிரீச் என்று ஒரு சத்தம்.

"அசைஞ்சுதுங்க!"

"நிறுத்து! கொஞ்சம் முன்னால போ, கொஞ்சம் பின்னால வா! அவசரப்படாதே!"

"தெரியுமுங்க, கத்தாதீங்க!"

முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் வெறும் விரலாலேயே சுற்றினாள். வெளியே வந்து, ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முகமெல்லாம் கரி, நெற்றியில் குங்குமம் கலைந்து வழிந்திருந்தது. தொட்டியின் மரையில் ஒரு கீறல் இல்லை. ஒரு கீறல் இல்லை!

"துளையக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டே" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்று, அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சுதர்சனுக்குப் போன் போட்டு, "பிளக்கை எடுத்தாச்சுடா" என்றேன். யார் எடுத்தது என்று அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

பழைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, அதே மரையில் ஒரு பிளக் வாங்கினோம். நான் கடைக்காரரோடு சண்டை போட்டதில் பசி வந்து ஆளுக்கொரு தோசை சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து தொட்டியில் டீசல் விட்டு, இரும்புத் தூளெல்லாம் போகும்வரை அலசினோம். புது செம்பு வாஷர், புது எண்ணெய். பிளக்கை அவள்தான் மாட்டினாள்.

"இன்னும் இறுக்கு!"

"போதுமுங்க. உங்க இறுக்கம் எனக்குத் தெரியும்."

அடியில் பேப்பர் விரித்து வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 27, வெள்ளி

பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடியது. பூனை ஓடிவிட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

நேற்று சாயங்காலம் சுதர்சன் வந்துவிட்டான். இன்று காலை நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வண்டியை எடுத்தேன். இடப் பக்கம் தேவகி, பின்னால் மகன். வடவள்ளி தாண்டும்போது பஸ்காரர் ஹார்ன் அடித்துக் கையை ஆட்டினார். மலை நேராக எதிரில் தெரிந்தது. என் கை ஸ்டியரிங்கில் ஆடவில்லை. எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

அடிவாரத்தில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். குனிந்து அடியில் பார்த்த கண்ணாடிக்காரர் ஒருவர், "பிளக்கெல்லாம் புதுசா இருக்கே, எந்த மெக்கானிக்குங்க?" என்று கேட்டார்.

"இதோ, இவங்கதான்" என்று தேவகியைக் காட்டினேன். "உள்ள ஒடஞ்சு நின்ன பிளக்கைத் துளை போட்டு, ஒத்தடம் குடுத்து, மரையில ஒரு கீறல் இல்லாம எடுத்தவங்க. என் சம்சாரம். நான் மில்லுல ஃபோர்மேனா இருந்தவன், சொல்றேன், கோயம்புத்தூர்ல இந்தக் கை இன்னொருத்தருக்கு இல்லை!" உரக்கத்தான் சொன்னேன். பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "போதுமுங்க, வாங்க" என்று தேவகி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை வாசலிலேயே நிறுத்தினேன். ஒத்தப்பாலத்துக்காரர் வந்து பார்க்கட்டும். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். காபி ஆயிற்று. டிபன் ஆயிற்று. ஆள் வரவில்லை.

"எங்கடா உன் ஆளு? போனைப் போடு."

சுதர்சன் அம்மாவைப் பார்த்தான். தேவகி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரு வரமாட்டாருங்க."

"ஏன்?"

"அப்படி ஒருத்தரு இல்லீங்க." கொஞ்ச நேரம் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "காயம் ஆறிருச்சு, மாத்திரை வேலை செஞ்சுது, ஆள் மட்டும் எந்திரிக்கலை. செவுத்தப் பாத்தே படுத்திருந்தீங்க. இந்த மாதிரிப் படுத்தவங்கள வார்டுல எத்தனையோ பேரப் பாத்திருக்கறேனுங்க. நான் பயந்துட்டேன். கோபம் வந்தாலாவது எந்திரிச்சு வந்து கத்துவீங்கன்னு நாந்தான் இவனைப் போன் பண்ணச் சொன்னேன். பிளக் ஒடஞ்சது மட்டும் எங்க திட்டத்துல இல்லீங்க."

இத்தனை நாளும் இல்லாத ஒருத்தனோடு சண்டை போட்டிருக்கிறேன். அசட்டுக் கேள்விகள், வண்டிக்கு அடியிலிருந்து வந்த சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆயிரம் பேரை மேய்த்த ஃபோர்மேனை இந்த நர்சம்மா இப்படி ஏமாற்றியிருக்கிறாளே என்று கோபம் வர வேண்டும். பெருமைதான் வந்தது. நெஞ்சு நிறைய வந்தது. ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிற அளவுக்கு வந்தது.

சுதர்சன் நான் கத்தப்போகிறேன் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திக்கொண்டான்.

"தேவகி" என்றேன். "அந்த ஒத்தப்பாலத்துக்காரரு மறுபடியும் போன் பண்ணினா, ஒண்ணு சொல்லீரு."

"என்னங்க?"

"ஆளு எந்திரிச்சுட்டான்னு சொல்லீரு."